ஆரோன் ஐயாவின் செடி

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி உண்டு. விடை தெரிந்தவர்கள் கடைசிவரை வாயைத் திறக்க வேண்டாம். மற்றவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

பாளையங்கோட்டையில் தாவரவியல் பேராசிரியராக இருந்த சங்கரபாண்டியன், ஒரு காலத்தில் மலைக்காட்டின் இருட்டுப் பள்ளத்தில் அகன்ற இலைச் செடி ஒன்றைக் கண்டார். இது புதுச் செடி என்று எழுதி, தமக்குச் செடி பார்க்கக் கற்றுக்கொடுத்த ஆரோன் ஐயாவின் பெயரை அதற்கு வைத்தார். அந்தப் படிப்பில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது, ஆசிரியருக்கு வைக்கலாம். ஆரோன் ஐயா பிள்ளைகள் இல்லாமலே இறந்துபோனார். அவர் பெயர் உலகத்தில் தங்கியிருந்தது அந்த இலையில் மட்டும்தான்.

சங்கரபாண்டியனிடம் ஆய்வுக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: கண்டதை மறைக்க மாட்டேன். செல்லையா கொடுத்தார். பல வருடம் கழித்து வந்த கோமதியும் கொடுத்தாள்.

சங்கரபாண்டியன் சார் ஓய்வுபெற்று, மனைவியும் இறந்து, பார்வை மங்கி வீட்டோடு ஒடுங்கிவிட்ட பிறகு, கோமதி அந்தச் செடியின் விதைகளை வெயிலில் போட்டு வளர்த்தாள். இலைகள் குறுகின. வேலியோரம் முளைக்கிற சாதாரணச் செடிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் மிஞ்சவில்லை. அது புதுச் செடியே இல்லை, நிழலில் இலை அகன்றுபோன அதே வேலிச்செடி.

முதலில் செல்லையாவிடம் சொன்னாள்.

"சார் இருக்க வரைக்கும் வாயத் தொறக்காத. அவரு கண்ண மூடின மறுநாளே நானும் ஒங்கூடச் சேந்து எழுதுதேன்" என்றார் அவர்.

அதற்குள் கேரளத்திலிருந்து ஒரு பெண் கோமதியைத் தொலைபேசியில் அழைத்தாள். அதைப் புதுச் செடி என்று நம்பி, அதை வைத்தே முனைவர் ஆய்வு தொடங்கப் போகிறாளாம், விதை வேண்டுமாம்.

கோமதி நிழலில் வளர்ந்தது ஒன்று, வெயிலில் வளர்ந்தது ஒன்று என இரண்டு தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு சாரிடம் போனாள். அவர் இலைகளை விரலால் தடவிப் பார்த்தார். ஒரே தாய்ச்செடியின் விதைதானா, ஒரே மண்தானா என்று குடைந்தார். கடைசியாக, "வெயில்ல வளந்ததோட வெதைய மறுபடி நெழல்ல போட்டியா?" என்றார்.

"போட்டேன் சார். எல அகலமாயிட்டு."

சார் தொட்டிகளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப நீ சொல்லுததுதான் சரி. ஆனா நான் போன பெறவு எழுதும்மா."

கோமதி தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அவர் இருக்கும்போதே எழுதினாள். ஆரோன் ஐயாவின் பெயர் செடியிலிருந்து உதிர்ந்தது. அதன்பிறகு சார் அவளுக்குக் கதவு திறக்கவில்லை. செல்லையா மட்டும் ஞாயிறுதோறும் போய், மழையைப் பற்றியும் தன் மருமகனைப் பற்றியும் பேசிவிட்டு வருகிறார்.

மறைக்காதே என்றவரும் அவர்தான், மறைத்து வை என்றவரும் அவர்தான். அப்படியானால் ஆசிரியரின் சொல்லைக் காத்தது யார்? செல்லையாவா, கோமதியா?

விடை: கோமதி. நிழலில் மறுபடி போட்டாயா என்று கேட்டாரே, அந்த இடத்தில் பேசியது ஆசிரியர். தம் கண்டுபிடிப்பே சாகும் என்று தெரிந்தும் கேட்டார். நான் போன பிறகு எழுது என்றது ஆரோன் ஐயாவின் மாணவன், தன் ஆசிரியரை இன்னொரு முறை புதைக்க மனமில்லாதவன். கோமதி முன்னவருக்குக் கீழ்ப்படிந்தாள். ஆனால் அந்த வீட்டில் காபி கிடைப்பது செல்லையாவுக்குத்தான்.