மானுக்குத்தான் லாபம்னு சொன்ன மந்தி

ஒரு காட்டுல ஒரு மகா அறிவாளி மந்தி இருந்துச்சு பசங்களா. கறுப்பு மூஞ்சி, ரெண்டு முழ வாலு, மூடவே மூடாத வாய். யாருன்னு தேடாதீங்க, நான்தான்.

எங்க கூட்டம் ஓடைக்கரை அத்திமரத்துல இருந்துச்சு. மரத்தடியில புள்ளிமான் கூட்டம். நாங்க பாதி கடிச்ச பழத்தையும் இலையையும் கீழ போடுவோம், மானுங்க தின்னும். எங்களுக்கு மேலேருந்து தூரம் தெரியும். மானுங்களுக்குப் புதருக்குள்ள என்ன இருக்குன்னு வாசனையிலயே தெரிஞ்சிடும். சிறுத்தை வந்தா யாரு முதல்ல பாக்குறாங்களோ அவங்க கத்தணும். அதான் வழக்கம். சிறுத்தை ஒளிஞ்சு பாயற ஜாதி. ஒரு சத்தம் கேட்டா போதும், 'மாட்டிக்கிட்டோம்டா'ன்னு திரும்பிப் போயிடும்.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. நான் யோசிக்க ஆரம்பிக்கற வரைக்கும்.

"அக்கா, ஒரு நாளைக்கு எவ்வளவு பழம் கீழ போகுதுன்னு பாத்தியா?"

அக்கா தன் குட்டிக்குப் பேன் பாத்துக்கிட்டே கேட்டா: "நமக்கு ஏதாவது குறையுதாடா?"

"குறையுதாங்கறது கேள்வியே இல்ல! அவங்களுக்கு எவ்வளவு கூடுதுங்கறதுதான் கேள்வி. இன்னிக்குக் கொழுப்பானுங்க. நாளைக்குப் பெருகுவானுங்க. அப்புறம் முளைக்கற அத்திக்கன்னு ஒண்ணுவிடாம மேஞ்சிடுவானுங்க. உன் குட்டி எந்த மரத்துல தூங்கும்?"

"மானு அப்படிச் சொல்லுச்சா?"

"சொல்லுமா? சொல்லாம இருக்கு பாரு, அதுதான் ஆபத்து!"

"நல்ல மானுங்கடா அதெல்லாம்."

"காட்டுல நல்லவன் கெட்டவனெல்லாம் கிடையாது. இங்க போலீஸ் ஸ்டேஷன் இருக்கா? புகார் குடுக்க ஆள் இருக்கா? அவனவன் பலம் அவனவனுக்கு. அவ்வளவுதான்!"

இதையே மூணு நாள் பேசினேன். பெரியவர் ஒருத்தர் தூங்கற மாதிரி நடிச்சார், அவர் காதுகிட்டப் போய் உக்காந்து பேசினேன். நாலாம் நாள் கூட்டமே கும்பிட்டு, "சரிடா சாமி, உன் இஷ்டப்படியே செய்யறோம், வாயை மட்டும் மூடு"ன்னுச்சு. அது என் அறிவுக்குக் கிடைச்ச வெற்றின்னு நான் நினைச்சேன். வலிச்ச காதுங்க எடுத்த முடிவுன்னு எனக்குத் தோணவேயில்ல.

அன்னியிலேர்ந்து பழம் போடறது நின்னுச்சு. சிறுத்தையைப் பாத்தா சத்தம் போடாம உச்சிக்கு ஏறிக்கணும்னு சொல்லிட்டேன்.

ரெண்டே நாள்ல சிறுத்தை வந்துச்சு. நான்தான் பாத்தேன். கம்முனு ஏறிக்கிட்டேன். கீழ ஒரு மான்குட்டியோட தொடையைக் கிழிச்சிட்டுப் போச்சு.

மான் கூட்டத்துத் தலைவன் கிளைக்கொம்பன் மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பாத்தான்.

"தம்பி, பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"ஏன் கத்தல?"

"நாளைக்கு நீ கத்துவேன்னு என்ன உத்தரவாதம்?"

"போன வாரம் கத்தினேனே. அதுக்கு முந்தியும் கத்தினேனே."

"நான் நாளையைப் பத்திக் கேட்டேன், நீ பழங்கதை பேசறே."

அவன் கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டான். நான் கிளையில எகிறிக் குதிச்சேன். "பாத்தீங்களா? விட்டுட்டுப் போயிட்டான் பாருங்க! மானை நம்பாதீங்கன்னு நான் அன்னிக்கே சொல்லல?"

அடிச்சு விரட்டிட்டு, போயிட்டான்னு குறை சொன்ன ஒரே அறிவாளி நான்தான்.

கோடை வந்துச்சு. இலை காஞ்சு போச்சு, தண்ணிக்கு ஓடையில இறங்கியே ஆகணும். கரை பூரா ஆளுயரக் கோரைப்புல். மேலேருந்து பாத்தா பச்சையா ஒரு பாய் விரிச்ச மாதிரிதான் தெரியும், அடியில என்ன படுத்திருக்குன்னு தெரியாது. அதைக் கண்டுபிடிக்கற மூக்குங்கதான் மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சே.

"இறங்கலாமாடா?" அக்கா குட்டியை வயித்துல கட்டிக்கிட்டுக் கேட்டா.

"நான் காவல் இருக்கேன். தைரியமா இறங்கு."

அவ குனிஞ்சு வாயை வெச்சா. புல்லு பிளந்துச்சு. சிறுத்தை!

அப்பத்தான் கத்தினேன். ரொம்ப சீக்கிரம் கத்தினேன் பாருங்க, அது பாஞ்சதுக்கு அப்புறம். என்ன செய்யறதுன்னு தெரியாம நானும் குதிச்சேன், நேரா அதோட முதுகு மேல. அது திரும்பி என் வாலைக் கவ்வுச்சு. அந்த நேரத்துல அக்கா மரமேறிட்டா. நானும் ஏறிட்டேன். ஒரு முழம் வாலு மட்டும் ஏறல.

பயத்துல அக்கா மறுநாள் இறங்கல. அடுத்த நாளும் இறங்கல. பால் வத்திப் போச்சு. குட்டி அழக்கூடத் தெம்பில்லாம அவ மடியில கிடந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியல. மேட்டைத் தாண்டி நடந்தேன்.

என் வாலைப் பாத்ததும் கிளைக்கொம்பனுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "என்ன தம்பி, நாளைக்கு உத்தரவாதம் கிடைச்சுதா?"

"திட்டிக்கோண்ணே. ஆனா திரும்பி வா. அக்கா குட்டி சாகப் போகுது."

"வந்தா?"

"முன்ன மாதிரி கத்தறோம்."

"உன் வாயை நம்பறதா? வாயால கெட்டவன்டா நீ. முதல்ல பழத்தைப் போடு. கத்து. நாங்க பாக்கறோம். நீ கத்தாத அன்னிக்கு நாங்களும் கத்த மாட்டோம். மறுநாள் நீ கத்தினா நாங்களும் கத்துவோம். உங்காளுங்க தண்ணிக்கு இறங்கும்போது கரையில எங்காளு ஒருத்தன் நிப்பான், எங்காளுங்க மேயும்போது மேல உங்காளு ஒருத்தன் உக்காரணும். எல்லாருக்கும் தெரியற மாதிரி."

எனக்கு நாக்கு அரிச்சுது. "பழம் தின்னு நீங்க ரொம்பக் கொழுத்துட்டா?"

"கொழுப்போம். அதுல உனக்கென்னடா கஷ்டம்?"

யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. வாதத்துல அப்படி ஒரு தோல்வி எனக்கு வந்ததேயில்ல.

"ஆமா, உனக்கு என்னண்ணே அவசரம், உடனே ஒத்துக்கிட்டே?"

"இங்க வந்து நாலு பேர் சிறுத்தை வாயில போயிட்டாங்கடா. எங்களுக்கும் மேல கண்ணு இல்லையே."

அன்னிக்கே மரத்தடியில பழத்தைப் போட்டோம். மறுநாள் காலையில அவன் கோரைப்புல் ஓரத்துல வந்து நின்னான். நான் கிளையில நின்னேன். அக்கா குட்டியோட இறங்கினா. ஒரு வாய்தான் குடிச்சிருப்பா, அவன் மூக்கைத் தூக்கினான், காலைத் தரையில அடிச்சு 'க்யாவ்'னு கத்தினான். அக்கா கிளைக்கு வந்துட்டா. புல்லுக்குள்ளேருந்து சிறுத்தை எழுந்து, எங்க எல்லாரையும் ஒரு முறை முறைச்சிட்டு, கொட்டாவி விட்டுக்கிட்டே போச்சு.

அது மேடு ஏறி மறையற வரைக்கும் நான் தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா மறுபடி இறங்கி, வயிறு நிறையத் தண்ணி குடிச்சா.

நீதி: அடுத்தவனுக்கு எவ்வளவு கூடுதுன்னே பாத்துக்கிட்டிருக்கறவனுக்குத் தன்கிட்டேருந்து என்ன போகுதுன்னு தெரியாது.