உட்கார்ந்தே ஊர் சுத்துன ஈஸ்வரியும் கூப்பிட்டாத் திரும்பாத காளிராஜும்

தலைகாணியை இப்படி இழுத்துக்கோ தங்கம். காலை நீட்டிக்கோ. பெரியம்மா சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டிக்கிட்டே வரணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும், சரியா?

"ம்."

ஒரு ஊர்ல, ஒரே வயித்துல, ஒரே நாள்ல, கால் மணி நேரம் முன்னப்பின்ன ரெண்டு பிள்ளைங்க பொறந்துச்சுங்க. முதல்ல வந்தது பொண்ணு, ஈஸ்வரி. அப்புறம் வந்தது பையன், காளிராஜ். அவங்க அம்மா பேரு செண்பகம். அப்பா முனியராஜுக்குக் காலண்டர் அச்சடிக்கிற ஆபீஸ்ல வேலை. அப்பாவைப் பெத்தவ குருவம்மாவும் அதே வீட்லதான்.

அந்த ஊரு பட்டாசு செய்யுற ஊரு. எப்பப் பார்த்தாலும் எங்கயாவது ஒரு வெடியைக் கொளுத்திப் பார்ப்பாங்க. டமார்! டமார்! அதுபாட்டுக்கு அது வெடிக்கும், சனங்க பாட்டுக்கு வேலை பார்க்கும்.

அப்புறம் பிள்ளைங்க வளர்ந்துச்சு. காளிராஜ் பத்தாம் மாசமே எந்திரிச்சு நின்னுட்டான். நின்னவன் சும்மா இருப்பானா? திடுதிடுதிடுன்னு நடந்தான். வாசல்ல நடந்தான், அடுப்படியில நடந்தான், காயப்போட்ட வத்தல் மேல நடந்தான். குருவம்மாவுக்குத் தலைகால் புரியல. தெருவுல போறவங்களை எல்லாம் கூப்பிட்டு, "எம் பேரன் நடையைப் பாருங்க"ன்னு காட்டுவா.

ஈஸ்வரி என்ன பண்ணினா தெரியுமா? நடக்கவும் இல்ல, தவழவும் இல்ல. தரையில உட்கார்ந்து, ஒரு கையை ஊனி, குண்டியைத் தேய்ச்சுக்கிட்டே போவா. சர்ர்ரு... சர்ர்ரு... சர்ர்ரு...

சிரிக்கிறியா? சிரி சிரி. அவளும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே போவா.

ஆனா குருவம்மா சிரிக்கல. "பையன் ஓடுறான், பொண்ணு தேய்க்கிறா. இவ கால்ல என்னமோ கோளாறு"ன்னு சொல்லி, முதல்ல நல்லெண்ணெயைக் காய்ச்சி காலை உருவி உருவி விட்டா. ஈஸ்வரி எண்ணெய்க் காலோட இன்னும் வேகமா வழுக்கிக்கிட்டுப் போனா. சர்ர்ர்ர்ரு!

அப்புறம் கொல்லையில குழி வெட்டி, பிள்ளையை இடுப்பு மட்டும் மணல்ல நிறுத்தினா. ஈஸ்வரி ரெண்டு கையாலயும் மணலை அள்ளி வாயில போட்டுக்கிட்டா. தூ தூ தூன்னு துப்ப வைக்கிறதுக்குள்ள செண்பகத்துக்கு உயிரு போயி உயிரு வந்துச்சு.

அப்புறம் ஒரு நடைவண்டி வாங்கிட்டு வந்தாங்க. ஈஸ்வரி அதைக் குப்புறக் கவுத்துப் போட்டு, பக்கத்துல உட்கார்ந்து, சக்கரத்தை மட்டும் கரகரகரன்னு சுத்தினா. நாள் பூரா சுத்தினா. நடக்கவே இல்ல.

"ம்."

அப்போ ஊர்க் கோயில் திருவிழா, பங்குனிப் பொங்கல் வந்துச்சு. கோயில்ல வேட்டுப் போட்டாங்க. டொம்! டொம்! டொம்! தெருவுல இருந்த கைப்பிள்ளை எல்லாம் வீல்னு அலறுது. ஈஸ்வரி ஓடி, இல்ல இல்ல, தேய்ச்சுக்கிட்டு வந்து அம்மா சேலைக்குள்ள புகுந்துக்கிட்டா. காளிராஜ் மட்டும் தொட்டில்ல அசையாமத் தூங்குறான். குருவம்மா சொன்னா, "பாத்தியா? புலிடி எம் பேரன்! வேட்டுக்கே பயப்படல!"

எல்லாரும் சிரிச்சாங்க. செண்பகம் மட்டும் சிரிக்கல. அவ தொட்டிலையே பார்த்துக்கிட்டு நின்னா.

அதுக்கு அப்புறம் அவ கவனிக்க ஆரம்பிச்சா. ஒரு நாள் பாத்திரம் கழுவுறப்ப தட்டு நழுவி விழுந்துச்சு. டணார்ர்ர்! ஈஸ்வரி வெடுக்குன்னு திரும்பினா. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த காளிராஜ், எறும்பு போறதைப் பார்த்துக்கிட்டே இருந்தான். இன்னொண்ணையும் யோசிச்சா. ஈஸ்வரி நாள் பூரா "ப்பப்பா, த்தத்தா, ம்மம்மா"ன்னு கத்திக்கிட்டு இருப்பா. காளிராஜும் முன்னாடி "ங்கா, ங்கா"ன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தான். இப்போ நாளுக்கு நாள் வாயே திறக்கல.

மெதுவா மாமியாகிட்ட சொன்னா. "அத்தை, பையனுக்குக் காது சரியாக் கேக்குதான்னு சந்தேகமா இருக்கு."

"என்ன பேச்சுடி இது? இங்க பாரு!" குருவம்மா, பிள்ளை உட்கார்ந்திருந்த கட்டில்ல ஓங்கி ஒரு தட்டுத் தட்டினா. தொம்! காளிராஜ் டக்குனு திரும்பினான். "கேக்குதா இல்லையா?"

செண்பகம் வாயை மூடிக்கிட்டா. ஆனா மனசு மூடல. கட்டில் அதிர்ந்துச்சே, அதுலதானே திரும்பினான்?

அப்புறம் பிள்ளைங்களுக்கு ஒரு வயசு ஆச்சு. அங்கன்வாடியில எடை பார்க்கக் கூப்பிட்டாங்க. அங்க இருந்தது விக்டோரியா டீச்சர். பெரிய கண்ணாடி போட்டிருப்பாங்க, எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பேசுவாங்க. குருவம்மா சொல்லி அனுப்பினபடி செண்பகம் கேட்டா, "டீச்சர், பொண்ணு இன்னும் நடக்கல. மணல்ல கூட நிறுத்திப் பார்த்தாச்சு."

டீச்சர் முந்தானையில முகத்தை மூடிக்கிட்டு, "டீச்சரைக் காணோமே... காணோமே... இந்தா!"ன்னாங்க. ஈஸ்வரி கெக்கெக்கேன்னு சிரிச்சா. ஜன்னல்ல ஒரு காக்கா வந்துச்சு. ஈஸ்வரி விரலை நீட்டி "க்கா!"ன்னா. அப்புறம் நாற்காலியைப் பிடிச்சு, முக்கி முக்கி, எந்திரிச்சு நின்னா.

"இவளுக்கு ஒரு குறையும் இல்ல செண்பகம்," டீச்சர் சொன்னாங்க. "சில பிள்ளை ஒம்பது மாசத்துல நடக்கும். சிலது ஒன்றரை வயசுல நடக்கும். இப்படித் தேய்ச்சுக்கிட்டுப் போறதுங்க கொஞ்சம் நின்னு நிதானமாத்தான் எந்திரிக்கும். பிடிச்சு நிக்கிறா, விரல் நீட்டிக் காட்டுறா, பேரைச் சொன்னாத் திரும்புறா. ஒன்றரை வயசு தாண்டியும் நடக்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டுவோம். மணல்ல மட்டும் புதைக்காதீங்க!"

செண்பகம் தலையாட்டினா. ஆனா கிளம்பல. அப்படியே நின்னா.

"வேற என்னம்மா?"

அப்போ அவ அடக்கி வச்சிருந்ததை எல்லாம் கொட்டினா. வேட்டு, தட்டு, கட்டில், எல்லாம். டீச்சர் காளிராஜுக்குப் பின்னாடி போய் உட்கார்ந்தாங்க. வலது பக்கம் கிலுகிலுப்பையை ஆட்டினாங்க. கில் கில் கில். அவன் திரும்பல. இடது பக்கம் ஆட்டினாங்க. கில் கில் கில். திரும்பல. பள்ளிக்கூட மணியை எடுத்து அடிச்சாங்க. டிங் டிங் டிங்! அறையில இருந்த அம்புட்டுப் பிள்ளையும் திரும்புச்சு. அவன் கையில இருந்த பொம்மைக் காரையே உருட்டிக்கிட்டு இருந்தான்.

டீச்சர் செண்பகம் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நடக்கிறதுக்குக் காத்திருக்கலாம். இதுக்குக் காத்திருக்கக் கூடாது. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ."

தூங்கிட்டியா? "ம்" காணோமே.

"ம். தூங்கல பெரியம்மா. அப்புறம்?"

அப்புறம் வீட்ல ஒரே சத்தம். குருவம்மா மடார் மடார்னு தலையில அடிச்சுக்கிட்டா. "நடக்காத பிள்ளையை விட்டுட்டு, நடக்குற பிள்ளையை எவளாச்சும் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவாளா? எம் பேரனைச் செவிடுன்னு சொல்றதுக்கு உனக்கு எப்படி வாய் வந்துச்சு?"

முனியராஜும் அம்மா பக்கம்தான். "எங்க சித்தப்பா நாலு வயசுலதான் பேசினாராம். ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும். விடு."

செண்பகம் கோபப்படல. "சரிங்க. நீங்களே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க. தட்டக் கூடாது, முன்னாடி போகக் கூடாது. பின்னாடி நின்னு வாயால மட்டும் கூப்பிடுங்க. திரும்பிட்டான்னா நான் இந்தப் பேச்சையே எடுக்கல."

முனியராஜ் வாசப்படியில நின்னான். பிள்ளை முத்தத்துல முதுகைக் காட்டிக்கிட்டு மண்ணுல விளையாடுறான். "காளி"ன்னு கூப்பிட்டான். பிள்ளை திரும்பல. "காளி! டேய் காளி!" திரும்பல. "காளிராஜூ!"ன்னு தொண்டை கிழியக் கத்தினான்.

உள்ள இருந்து ஈஸ்வரி வந்தா. சர்ர்ரு... சர்ர்ரு... வந்து அப்பன் காலைப் பிடிச்சுக்கிட்டு, யாரைக் கூப்பிடுறாருன்னு அண்ணாந்து பார்த்தா. தம்பி பேரைச் சொன்னதுக்கு அக்கா வந்து நிக்கிறா. தம்பி மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டிக்கிட்டு இருக்கான்.

முனியராஜ் அப்படியே படியில உட்கார்ந்துட்டான். அப்புறம், "காலையில முதல் பஸ்ஸுக்கே போயிருவோம்"னான்.

போனாங்க. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பிள்ளையைத் தூங்க வச்சு, தலையில குட்டி குட்டி ஒயரை ஒட்டி, காதுக்குள்ள சத்தம் குடுத்துப் பார்த்தாங்க. பார்த்துட்டுச் சொன்னாங்க, "ரெண்டு காதுலயும் கேக்குறது ரொம்பக் குறைச்சல்மா."

செண்பகத்துக்குத் தெரிஞ்ச விஷயம்தான். ஆனாலும் தூங்குற பிள்ளையை அணைச்சுக்கிட்டு அழுதா. டாக்டரம்மா அவ தோளைத் தொட்டாங்க. "அழுங்க, பரவாயில்ல. ஆனா ஒண்ணு. பேசுற வயசு போனதுக்கு அப்புறம் நிறையப் பேரு கூட்டிட்டு வருவாங்க. நீங்க ஒரு வயசுலயே கண்டுபிடிச்சுட்டீங்க. இவன் பேசுவான்."

அப்புறம் சில வாரத்துல, காதுக்குப் பின்னாடி மாட்டுற சின்ன மெஷின் வந்துச்சு. டாக்டரம்மா ரெண்டு காதுலயும் மாட்டி, க்ளிக்! "இப்போ கூப்பிடுங்க செண்பகம்."

செண்பகம் பிள்ளைக்குப் பின்னாடி நின்னு, மெதுவா, "காளி..."

பிள்ளை கையில இருந்ததைக் கீழ போட்டுட்டான். அசையாம இருந்தான்.

"காளி... எஞ்சாமி..."

திரும்பினான்! உதட்டைப் பிதுக்கினான், ஓன்னு அழுதான், அப்புறம் அழுகையை நிறுத்திட்டு அம்மா வாயில விரலை வச்சுப் பார்த்தான். இங்க இருந்துதான் வருதான்னு பார்த்தான். குருவம்மாவும் கூட வந்திருந்தா. மருமக கையைப் பிடிச்சுக்கிட்டு, "எம் புத்திக்கு எட்டலடி தாயி"ன்னு சொல்லித் தேம்பித் தேம்பி அழுதா.

ஆனா அவ்வளவு சுலபமா முடிஞ்சிருமா? காளிராஜுக்கு மெஷின் பிடிக்கவே இல்ல. ஒரு நாள் பிச்சு எடுத்து அரிசிப் பானையில போட்டான். பொதுக்! இன்னொரு நாள் சன்னல் வழியா வீசினான். விர்ர்! மூணாவது தடவை, முத்தத்துல கழட்டிப் போட்டுட்டு ஓடிட்டான். செண்பகம் குடத்தோட வாசல்ல வர்றா. வானம் கடமுடன்னு இடிச்சு, பொட்டு பொட்டுன்னு மழை விழுது. நனைஞ்சா மெஷின் கெட்டுப் போயிரும்! குடத்தை இறக்குறதுக்குள்ள...

ஈஸ்வரி பார்த்தா. சர்ர்ருன்னு வந்து மெஷினை எடுத்தா. ஒரு கையில மெஷின், இன்னொரு கையிலயும் மெஷின். ஊனுறதுக்குக் கை இல்ல! என்ன பண்ணுவா? முக்கினா. எந்திரிச்சா. ஆடினா. ஒரு அடி வச்சா. ரெண்டு அடி வச்சா. தக்கு முக்கு தக்கு முக்குன்னு நடந்து வந்து அம்மா கையில குடுத்துட்டு, பொத்துனு உட்கார்ந்தா!

அப்போ அவளுக்குப் பதினேழு மாசம். அன்னிக்கு யாரும் காலை உருவல, யாரும் மணல்ல புதைக்கல.

"ஹே!"

ஆமா, செண்பகமும் அப்படித்தான் கத்தினா. குடம் உருண்டு போச்சு, அவ கண்டுக்கவே இல்ல.

அப்புறம் எல்லாரும் காளிராஜோட பேசினாங்க. முகத்துக்கு நேரா உட்கார்ந்து பேசினாங்க. "இது தண்ணி. இது தட்டு. இது உங்க அக்கா மூக்கு." முனியராஜ் ஆபீஸ்ல இருந்து காலண்டர்ப் படமாக் கொண்டு வந்து, யானை, மயிலு, ரயிலுன்னு சொல்லிக் குடுத்தான். வாரத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறி, பேச்சுப் பழக்குற அம்மாகிட்டப் போனாங்க. ஒரு மாசம் ஒண்ணும் வரல. ரெண்டு மாசம் வரல. மூணாம் மாசம் "ம்மா"ன்னான். அப்புறம் "தா"ன்னான். அதோட நின்னுச்சு. செண்பகம் விடல. சொன்னதையே ஆயிரம் தடவை சொன்னா.

அப்புறம் மூணு வயசு ஆகப் போற நேரம். ஒரு நாள் காலையில செண்பகம் கொல்லையில துணி துவைக்கிறா. தப்பு தப்பு தப்பு. வாசல்ல யாரோ ஒரு பையன் சத்தம் கேட்டுச்சு. "அது என் உருண்டை!" பக்கத்து வீட்டுப் பையன்னு நினைச்சு அவ துவைச்சுக்கிட்டே இருந்தா.

"குடுடி ஈச்சு! எனக்கு! அது எனக்கு!"

கையில இருந்த சேலை அப்படியே நழுவிருச்சு. ஈச்சுவா? ஈஸ்வரியை ஈச்சுன்னு யாரு கூப்பிடுறா?

ஓடினா. சோப்புக் கையோட வாசலுக்கு ஓடினா. அங்க நடுத்தெருவுல, ஒரு கடலை உருண்டைக்கு அக்காளும் தம்பியும் மல்லுக்கட்டி நிக்கிறாங்க. காளிராஜ் இடுப்புல கையை வச்சுக்கிட்டு, கழுத்து நரம்பு புடைக்க, "நீ தின்னுட்ட! இது எனக்கு! அம்மா, ஈச்சு தர மாட்டேங்குறா!"ன்னு கத்துறான். எதிர் வீட்டுக்காரங்க, பால்காரரு, எல்லாரும் வேலையைப் போட்டுட்டு வந்து நின்னுட்டாங்க.

குருவம்மா ரெண்டு பேரையும் விலக்கி விட ஓடி வந்தா. செண்பகம் அவ கையைப் பிடிச்சு நிறுத்தினா. கண்ணுல பொலபொலன்னு தண்ணி, வாய் நிறையச் சிரிப்பு.

"விடுங்க அத்தை. இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போடட்டும்."

அவங்க சண்டை அங்க நடக்கட்டும் தங்கம். நம்ம கதை கால் நீட்டிப் படுத்துருச்சு, நீயும் கண்ணை மூடித் தூங்கு.