சூடு போன வாளி

மூங்கிலேரி ஊரிலேயே வெள்ளை கண்டிராத சுவர் சீனியம்மாள் வீட்டுச் சுவர்தான். அன்று மாலை நாலு மணிக்கு அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் அந்தச் சுவரைப் பார்த்தே எழுந்து போயிருந்தது. அதனால் வெள்ளையடிக்கத் தவசி, கொண்டல், பூவலிங்கம் என்று மூன்று அண்ணன் தம்பிகளைப் பிடித்து வந்தாள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதைத் தவிர இதற்கு நியாயம் கிடையாது.

"சுண்ணாம்புக் கல்லை டிரம்முல போட்டுத் தண்ணி ஊத்துங்க. கொதிக்கும். சூடு போனதும் சுவத்துல அடிங்க. ஈரத்துல வெள்ளை தெரியாது, காஞ்சாத்தான் வெளுக்கும். கடைசியா மல்லிகைக்கு யூரியா கரைச்சு ஊத்துங்க," என்று சொல்லிவிட்டுப் பூ வாங்கப் போனாள்.

ஊற்றினார்கள். டிரம் புஸ்ஸென்று சீறிக் கொதித்தது.

"யாருடா நெருப்பு வச்சது?" என்றான் மூத்தவன் தவசி.

"யாரும் வைக்கலண்ணே."

நெருப்பை அணைக்கத் தண்ணீர்தானே? இன்னொரு குடம் ஊற்றினார்கள். இன்னும் கொதித்தது.

"சூளையில சுட்டப்ப இந்தக் கல்லு சூட்டை உள்ள வாங்கி வச்சிருக்குண்ணே. தண்ணியப் பாத்ததும் கக்குது," என்றான் கொண்டல்.

பாடப்புத்தகம் இதையே வெப்ப உமிழ் வினை என்று சொல்லி இரண்டு மதிப்பெண் தரும். தவசி ஒரு குட்டு தந்தான்.

மணி மூன்று. சூடு போகவில்லை. அது போக வழி வேண்டுமே என்று வாசல் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள்.

சும்மா நிற்பானேன் என்று பூவலிங்கம் அரை வாளித் தண்ணீரில் அரை மூட்டை யூரியாவைக் கொட்டிக் கலக்கினான்.

"அண்ணே, வாளி ஐஸ் மாதிரி ஆயிடுச்சு."

மூவரும் வாளியைத் தொட்டுப் பார்த்தார்கள். டிரம்மை எட்ட நின்று பார்த்தார்கள்.

"டிரம்முல சூடு வந்திருக்கு. வாளியில சூடு போயிருக்கு. அக்கா எதைச் சுவத்துல அடிக்கச் சொன்னாங்க?" என்று கேட்டான் தவசி.

"சூடு போனதை."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?"

இரண்டு பூச்சு அடித்தார்கள். மூலைமுடுக்கு விடவில்லை.

சீனியம்மாள் பூவோடு வந்தாள். அவள் பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள். சுவர் நேற்றைய நிறத்திலேயே நின்றது.

"என்னடா பண்ணி வச்சிருக்கீங்க?"

"இன்னும் காயலக்கா. காஞ்சாத்தான் வெளுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

மாப்பிள்ளையின் அப்பா சுவரைத் தடவி விரலைப் பார்த்தார்.

"ஈரந்தான்," என்றார் அவர். "இருந்து, வெளுத்ததும் பாத்துட்டே போறோம்."

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் திருப்பிப் போட்டார். பெண் வந்து நின்றதும் ஒரு பார்வை பார்த்து, பிடித்திருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, மறுபடி சுவருக்குத் திரும்பினார்கள். ஒருவழியாகத் தகுந்த இடம் அமைந்தது.

காபி வந்தது. ஒரு வாய் வைத்த மாப்பிள்ளை, "ரொம்ப சூடா இருக்கே," என்றார்.

"செத்த இருங்க மாப்பிள்ளை, போக வச்சிடலாம்," என்று பூவலிங்கம் மிச்சமிருந்த அரை மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தான்.