பருக்கை இல்லாத கஞ்சி

“ஏப்பா, நாய் சாப்பிட்டாத்தான் நாம சாப்பிடணுமா?”

முன்னொரு காலத்தில், இன்று பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஒரு ராஜ்யத்தில், பூவாயி என்ற சிறுமி தன் தகப்பனைப் பார்த்து இப்படிக் கேட்டாள். காய்ச்சல் விட்டு அவள் எழுந்து உட்கார்ந்த முதல் நாள் அது. காய்ச்சல் விட்டால் பசி வரும். வந்துவிட்டது. ஆனால் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

தகப்பன் தாண்டவன் அரண்மனை விகடகவி. எந்தக் கேள்வி கேட்டாலும் சபை சிரிக்கும்படி பதில் சொல்பவன் என்று பேர் வாங்கியவன். அன்று மகளின் கேள்விக்கு அவள் காலை மட்டும் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். மகாராணி காலமாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. அவள் பிள்ளையைப்போல் வளர்த்த கருமணி என்ற நாய் அன்றிலிருந்து எதையும் தொடவில்லை. ராஜா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் சபையில் எழுந்து, “அது உண்ணும் முன் நான் ஒரு பருக்கையும் உண்ண மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அந்தப்புரத்துக்குள் போய்விட்டார்.

பிரதானி கேசவராயருக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? தம்முடைய ராஜ விசுவாசத்தை ஊருக்கே காட்ட ஆசைப்பட்டார். ராஜாவின் பின்னாலேயே ஓடினார். “மகாராஜா பட்டினி கிடக்கும்போது குடிகள் உண்பது முறையாகுமா? நகரில் ஒரு அடுப்பும் எரியக்கூடாது என்று முரசு அறைவிக்கட்டுமா?” என்று கேட்டார். துக்கத்தில் இருந்த ராஜாவின் காதில் அது விழுந்ததோ இல்லையோ, தலை மட்டும் அசைந்தது. முரசு முழங்கிவிட்டது.

பெரிய வீடுகளில் அவலும் வெல்லமும் பழமும் இருந்தன. கதவைச் சாத்திக்கொண்டு தின்றார்கள். அன்றாடம் குத்தி அன்றாடம் பொங்குகிற வீடுகளில் பிள்ளைகள் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தன. ஊர் முழுக்க ஒரே ஒரு அடுப்புதான் எரிந்தது. அது நாய்க்குச் சமைக்கிற அடுப்பு.

அது மட்டுமா? தாண்டவன்மேல் பிரதானிக்கு நெடுநாளாக ஒரு கண். “மகாராஜா, அழுகிறவரையும் சிரிக்க வைக்கும் நம் விகடகவிக்கு ஒரு நாயை உண்ண வைப்பதா பெரிய காரியம்? ஒருவேளை அவருக்கு மனமில்லையோ என்னவோ!” என்று மெல்லப் போட்டுவைத்தார்.

பூவாயி எழுந்து உட்கார்ந்த அன்றே ராஜா தாண்டவனைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. “தாண்டவா, நாளை பொழுது சாய்வதற்குள் அதை உண்ண வை. இல்லாவிட்டால் இந்த நாட்டில் உன் முகத்தை நான் பார்க்கக்கூடாது.”

“உத்தரவு, மகாராஜா.” வேறென்ன சொல்வான்?

கருமணி மகாராணியின் சாப்பாட்டு அறை வாசலில், நிலைப்படியில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. பக்கத்தில் வெள்ளித் தட்டில் நெய் மணக்கும் கறிச்சோறு. தாண்டவன் தன் வித்தையெல்லாம் காட்டினான். நாலு காலில் நடந்தான். குரைத்தான். தட்டிலிருந்து தின்பதுபோல் நடித்தான். தாதிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாய் சிரிக்கவில்லை. எலும்பு தெரிந்த அதன் விலா மேலும் கீழும் போய்வந்தது, அவ்வளவுதான்.

தாதிகள் போன பிறகு தாண்டவன் அதன் பக்கத்தில் தரையிலேயே படுத்துவிட்டான்.

“கருமணி, உன் துக்கம் எனக்குத் தெரியாதா? நான் குறை சொல்லலை. ஆனா என் பிள்ளை காய்ச்சல்ல கிடந்து எழுந்திருக்கு. ஒரு வாய். ஒரே ஒரு வாய் தின்னுடேன்.”

நாய் அவன் கையை ஒருதரம் நக்கியது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெறுமையான அந்தச் சாப்பாட்டு அறையையே பார்த்தது.

தாண்டவன் அங்கிருந்து கோவிலுக்குப் போனான். மடைப்பள்ளியிலும் நெருப்பு இல்லை. குருக்கள் படியில் உட்கார்ந்திருந்தார். “சாமிக்கே இன்னிக்கு நைவேத்தியம் கிடையாது, தாண்டவா. ரெண்டு பழம் வச்சேன். ஊரே பட்டினி கிடக்கிறப்ப தின்னலாமா வேணாமான்னு அவரும் யோசிச்சிண்டிருக்கார்” என்றார். தாண்டவன் கையைக் கூப்பினான். என்ன கேட்பது என்று தெரியவில்லை. நாய்க்காகக் கேட்பதா, பிள்ளைக்காகக் கேட்பதா, நாட்டைவிட்டுப் போகிற பாதைக்குத் துணை கேட்பதா? ஒன்றும் கேட்காமல் விளக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்தான்.

வீட்டுக்குள் நுழைந்தால் பூவாயியின் மடியில் ஒரு மண்சட்டி இருந்தது. அதிலிருந்து ஆவி வந்தது.

“ஏது இது?” என்றான் பதறிப்போய்.

“மெதுவா பேசுங்க” என்றாள் மனைவி செல்லாயி. “பக்கத்து அங்கம்மா குடுத்தா. முரசுக்கு முந்தியே சூளை மூட்டிட்டாளாம். பாதியில அணைச்சா உள்ளே இருக்கிற பானையெல்லாம் வெடிச்சுப்போகுமே, அதனால விட்டுவச்சிருக்கா. அந்தச் சூட்டுல ஒரு பிடி அரிசியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சியிருக்கா, நம்ம புள்ளைக்குன்னு.”

பூவாயி பாதி குடித்துவிட்டுச் சட்டியை நீட்டினாள். “இந்தாப்பா, உனக்கு.”

“அம்மாவுக்குக் குடு.”

“அவரு குடிக்கட்டும் மொதல்ல” என்றாள் செல்லாயி.

“நீ குடி, நான் அப்புறம் குடிக்கிறேன்.”

“நீங்க குடிக்காம எனக்கு எறங்காது.”

பூவாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீ குடிக்காம அம்மா குடிக்காது. அம்மா குடிக்காம நீ குடிக்க மாட்டே. அப்ப இந்தக் கஞ்சிய யாருதான் குடிக்கிறது?”

தாண்டவன் அப்படியே நின்றான். வெறுமையான சாப்பாட்டு அறையைப் பார்த்துக்கொண்டிருந்த நாயின் கண் அவன் நினைவுக்கு வந்தது. மகாராணி உண்டு முடித்ததும் இலையில் ஒரு கவளத்தை மிச்சம் வைப்பாள். அதைத் தன் கையாலேயே எடுத்து நாய்க்குக் கொடுப்பாள். ஒரு வேளை தவறியதில்லை. தனக்கென்று தட்டில் வைத்த சோற்றை அந்த நாய் என்றைக்குத் தின்றிருக்கிறது? வீட்டுக்குரியவர் உண்ட மிச்சத்தையல்லவா தின்று பழகியது!

மறுநாள் பொழுது சாயத் தொடங்கியபோது அவன் சூளையடிக்குப் போனான்.

“அங்கம்மா, வடிச்ச கஞ்சித்தண்ணி ஏதாவது மிச்சம் இருக்கா? பருக்கை கலக்காததா இருக்கணும்.”

முந்தின நாள் கஞ்சியில் வடித்து, தனக்கென்று சூளையோரம் சூடாக வைத்திருந்த சின்னச் சட்டியை அவள் எடுத்தாள். உப்புக்கல் ஒன்றைப் போட்டுக் கலக்கினாள். “யாருக்கு?”

“பசியா இருக்கிற ஒருத்தருக்கு. சரி, உனக்கு?”

“எனக்கென்ன, மண்ணைப் பிசைஞ்சே வயிறு நிறைஞ்சுபோகும். கொண்டுபோ, ஆறிடப்போகுது.”

தாண்டவன் சட்டியை மேல்துண்டால் மூடி எடுத்துக்கொண்டு போனான். சாப்பாட்டு அறை வாசலில் ராஜா நின்றிருந்தார். பக்கத்தில் பிரதானியும் சபையாரும் நின்றார்கள். வேடிக்கை பார்க்கத்தான். தாண்டவன் மகாராணியின் மணைக்கு எதிரே ராஜாவின் மணையைப் போட்டான்.

“மகாராஜா அமர்ந்து இதை அருந்த வேண்டும்.”

“விளையாடுகிறாயா? என் சபதம் உனக்குத் தெரியாதா?”

“தெரியும், மகாராஜா. ஒரு பருக்கையும் உண்ண மாட்டேன் என்பது தங்கள் சபதம். இதில் ஒரு பருக்கையும் இல்லை. தாங்களே துழாவிப் பார்க்கலாம். மேலும் இதை யாரும் உண்பதில்லை. குடிப்பார்கள்.”

சபையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பிரதானி பாய்ந்து முன்னால் வந்தார். சட்டியைத் தொட்டுப் பார்த்தார். “சூடாக இருக்கிறது! மகாராஜா, தங்கள் ஆணையை மீறி நகரில் எவனோ அடுப்பு மூட்டியிருக்கிறான்!”

“அடுப்பு எரியவில்லை, பிரதானியாரே. சூளை எரிந்தது. முரசு அடுப்பைத்தானே சொன்னது?”

“யாருடைய சூளை?”

“எரிந்த சூளை.”

“பெயரைச் சொல்லும்! இல்லையேல்…” பிரதானி கையை ஓங்கினார். அப்போதுதான் தாண்டவன் பார்த்தான். அவருடைய பட்டு இடைக்கச்சையின் ஓரமாக எறும்புகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. கச்சை மடிப்பில் வெல்லம் பிசுபிசுத்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிரதானியின் மானம் அந்த இடத்திலேயே போயிருக்கும். வாய்வரை வந்த வார்த்தையை விகடகவி விழுங்கினான். குனிந்து, யாரும் பார்க்காதபடி அந்த எறும்புகளைத் தட்டிவிட்டான். “ஒன்றுமில்லை, தூசி” என்று அவர் காதில் மட்டும் சொன்னான். ஓங்கிய கை தானாக இறங்கியது. பிரதானி கச்சையைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

ராஜாவோ வேறெதையோ பிடித்துக்கொண்டு நின்றார். “ஊரில் அடுப்பு எரியவில்லையா?”

“எரியவில்லை, மகாராஜா. தாங்கள் நாய் உண்ணட்டும் என்று காத்திருக்கிறீர்கள். ஊர் தங்களுக்காகக் காத்திருக்கிறது. ஆனால் அந்த நாய் யாருக்காகக் காத்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தங்களுக்காகத்தான். வீட்டுக்குரியவர் உண்ணாமல் அது எப்படி உண்ணும்?”

ராஜா கருமணியைப் பார்த்தார். எதிரே இருந்த வெறும் மணையையும் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார். சட்டியைத் தூக்கிக் குடித்தார். தொண்டை அசைவது எல்லாருக்கும் தெரிந்தது. நாய் தலையை நிமிர்த்தியது. அடியில் கொஞ்சம் விட்டுவைத்து, சட்டியைத் தம் கையாலேயே நிலைப்படியில் வைத்தார்.

கருமணி முகர்ந்து பார்த்தது. வாலை ஒருதரம் ஆட்டியது. பிறகு நக்கத் தொடங்கியது. சட்டி தரையில் தேய்கிற சத்தம்தான் அறையில் கேட்டது.

“பருக்கை இல்லாத கஞ்சி!” என்றார் ராஜா. “என் சபதத்தையே வடிகட்டிவிட்டாயே, பயலே!” சிரித்தார். மகாராணி போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே இருந்தவரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அத்தனை நாளும் வராமல் நின்றிருந்த நீர் அது. யாரும் அதைத் துடைக்கச் சொல்லவில்லை.

“முரசு அறையச் சொல்லுங்கள். எல்லா அடுப்பும் எரியட்டும். களஞ்சியத்தைத் திறந்து வீட்டுக்கு வீடு அரிசி கொடுங்கள்” என்று ராஜா கட்டளையிட்டார். தம் தோளில் இருந்த சரிகைச் சால்வையை எடுத்துத் தாண்டவனுக்குப் போர்த்தினார். “இன்னும் என்ன வேண்டும், கேள்.”

“இந்தச் சால்வை கொள்கிற அளவு அரிசி, மகாராஜா. அந்தக் காலிச் சட்டியும் வேண்டும்.”

ராஜா மறுபடி சிரித்தார். “அப்படியே ஆகட்டும்.”

தாண்டவன் சால்வை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது, ஊரெங்கும் கூரைகளுக்கு மேலே புகை எழுந்துகொண்டிருந்தது. அங்கம்மாள் குடிசையில் இல்லை. களஞ்சியத்து வரிசையில் நிற்கப் போயிருந்தாள். அவன் உள்ளே போய் அவளுடைய அரிசிப்பானையைத் திறந்து பார்த்தான். வெறும் பானை. ஒரு பிடி என்றாளே செல்லாயி, அதுதான் கடைசிப் பிடி போலிருக்கிறது.

மூட்டையை அவிழ்த்துக் கழுத்துவரை நிரப்பினான். சரிகை நூலில் சிக்கிய ஒற்றை அரிசியையும் விரலால் எடுத்து உள்ளே போட்டான். கஞ்சிச் சட்டியைக் கழுவி, அது இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தான். பானையை மூடிவிட்டு, யாரும் வருவதற்குள் கொல்லைப்பக்கமாக வெளியேறினான்.