அருளப்பன் வராத மூன்று வாரம்

"மூணு வாரமா அருளப்பன் வரலை சார்," என்றாள் பூங்கோதை. "பதினோரு தடவை போன் பண்ணிட்டேன். எடுக்கலை."

அவள் மது மறுவாழ்வு மையத்தில் எட்டு மாதமாக ஆலோசகர். அவளுக்கு அங்கே வேலை சொல்லித் தருபவர் தாவூத்.

"இனிமே குடிச்சா அவர் கல்லீரல் தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோன்னு இருக்கு சார்."

தாவூத் ஃபைலை மூடினார். பைக் சாவியை எடுத்தார்.

"வாங்க."

அருளப்பன் வேலை செய்யும் வெல்டிங் பட்டறைக்குப் போனார்கள். முதலாளி சாப்பிடக் கிளம்பும்வரை தெருமுனையில் நின்றார்கள்.

அருளப்பன் பூங்கோதையைப் பார்த்தார். உடனே வெல்டிங் முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டார். எதிரே பற்றவைக்க எதுவும் இல்லை.

"குடிச்சாச்சா?" என்றார் தாவூத், சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதுபோல.

"நேத்தும்."

"மாத்திரை?"

"தீந்து பதினஞ்சு நாளாச்சு."

"வந்து வாங்கிக்கலாம்ல?"

"எங்க சார் வர்றது? வாசல்லயே என் போட்டோ. நூறு நாள் குடிக்காதவன்னு எழுதி, மாலை வேற. உசுரோட இருக்கறவனுக்கு மாலை. அதைத் தாண்டித்தானே உள்ள வரணும்?"

அந்தப் படத்தை மாட்டியது பூங்கோதை. அன்று அவரும் சிரித்துக்கொண்டுதான் பக்கத்தில் நின்றார்.

"இன்னைக்கே கழட்டிடறேண்ணே."

"கழட்டுனா தெரிஞ்சிடுமே மேடம். என் சம்சாரம் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறா."

"எல்லார் படத்தையும் கழட்டிடறேன்."

"மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

அவள் தாவூத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் சாய்த்திருந்த ஒரு இரும்புக் கேட்டின் பூவேலையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். திரும்புவதாக இல்லை.

பூங்கோதை கம்பிக் கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியலைண்ணே. என்ன பண்ணலாம், நீங்க சொல்லுங்க."

முகமூடி மேலே ஏறியது.

"பின்னால வழி இருக்கா?"

"இருக்கு. சமையல்கட்டு வழியா."

"நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன்."

தாவூத் கேட்டை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"சார் வேணாம்," என்றார் அருளப்பன். "நாளைக்கு நீங்க மட்டும் இருங்க மேடம்."