நண்டின் கண் ஏன் நீண்டது

அந்தக் காலத்தில், நண்டுக்கும் கழுதைக்கும் பேச்சுவார்த்தை இருந்தபோது, தெற்கே கடலோரத்தில் வெயிலுகந்தபட்டினம் என்று ஓர் ஊர் இருந்தது. முன்பு பெரிய துறைமுகமாம். குதிரைகள் கப்பலில் வந்து இறங்குமாம். கடல் உள்வாங்கியது, கப்பல் வரத்து நின்றது, கோட்டையும் இடிந்தது. மிஞ்சியது வெயில் ஒன்றுதான். ஆனால் அது லேசுப்பட்ட வெயிலா! மூட்டு வலியை உருவி எடுத்துவிடும். அதனால் உழைத்து ஓய்ந்த பிராணிகளெல்லாம் கடைசிக் காலத்தைக் கழிக்க அங்கே வந்து சேர்ந்தன. பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள் என்றும் சொல்லலாம். இதில் மழுப்ப என்ன இருக்கிறது?

வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது நண்டின் வேலை. அப்போது அதன் கண்கள் நம்முடையவற்றைப் போல முகத்தோடு முகமாகத்தான் இருந்தன. இது கோட்டை, இது உப்புமேடு, இங்கே ஒரு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் என்று வாய் ஓயாது. கடைசியில் மறக்காமல் ஒன்று சொல்லும்: "நம்ம ஊருக்கு வந்தவங்க ஒருத்தரும் திரும்பிப் போனதில்ல!" அதில் என்ன பெருமையோ!

பொதியம்மா என்றொரு கழுதை அங்கே இருந்தாள். துணிமூட்டை சுமந்து சுமந்து முதுகு வளைந்துபோனவள். "மழை முடியட்டும்மா, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி அவளை விட்டுவிட்டுப் போனான் மகன் கரியன். மூன்று மழைக்காலம் முடிந்துவிட்டது.

தினமும் சாயங்காலம் உப்புமேட்டில் நண்டும் அவளும் உட்கார்ந்திருப்பார்கள்.

"வந்துட்டானா தம்பி?"

"இல்லக்கா."

"நாளைக்கு வருவான். வந்தா அன்னைக்கே கிளம்பிருவேன். எனக்கு ஊர்ல போய்த்தான் கண்ணை மூடணும்."

நண்டு பேச்சை மாற்றிவிடும். அவளை விட்டால் அதற்குப் பேச்சுத்துணைக்கு வேறு நாதியில்லை.

ஒருநாள் நடுப்பகலில், கடல் வற்றியிருந்த நேரம் பார்த்து, முகத்துவாரத்தைத் தாண்டிக் கரியன் வந்தான். வாயில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு கட்டு கொழுக்கட்டைப் புல். பொதியம்மா கோட்டை நிழலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணில் முதலில் பட்டது நண்டுதான். புல்லுக்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணாச்சி, எங்கம்மா பொதியம்மா எங்க இருக்கா? கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

இருபது அடி தள்ளித்தான் படுத்திருந்தாள். கையை நீட்டினால் போதும். பாவி நண்டு நீட்டவில்லை.

"அக்கா போன மாசமே தவறிட்டாங்களே, தம்பி."

கரியன் நின்ற இடத்திலேயே மண்டியிட்டான். மணலில் முகத்தைப் புதைத்து அழுதான். பிறகு புல்லுக்கட்டை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

பொதியம்மா விழித்ததும் அவள் மூக்குக்கு எட்டியது அந்த வாசனைதான். "இது எங்க ஆத்தங்கரைப் புல்லாச்சே!" என்று ஓடிவந்தாள். குளம்படி கண்டாள். முடியாத காலோடு முகத்துவாரம் வரை ஓடினாள். அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அக்கரையில் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தான் கரியன். அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். அலை இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. ஊருக்கு வருகிறவர்களிடம் முதலில் பேசுவது நண்டுதானே, பின்னாலேயே வந்து நின்ற அதன் பக்கம் திரும்பினாள்.

"என் பிள்ளைகிட்ட என்ன சொன்ன தம்பி?"

நண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "செத்தவளைத் தேடி ரெண்டாவது தடவை எவன் வருவான்?" என்று மட்டும் கேட்டாள். திரும்பி நடக்கும்போது, "ஒருவேளை வந்தா, என்னை எழுப்பிரு" என்றாள்.

நண்டு இராப்பகலாக முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. எட்டி எட்டிப் பார்த்ததில் அதன் கண்கள் முகத்தை விட்டுக் காம்பு காம்பாக வெளியே நீண்டுவிட்டன. கரியன் வரவில்லை. அந்த ஓட்டத்தோடு படுக்கையில் விழுந்த பொதியம்மா அந்தப் புல்லில் ஒரு வாய்கூடத் தின்னாமல் தலைமாட்டிலேயே வைத்திருந்தாள். புல் முழுக்கக் காயும் முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நண்டு சொன்ன பொய் மெய்யாகிவிட்டது. ஊரில் அதற்கப்புறம் யாரும் நண்டோடு பேசவில்லை. அதுவும் மணலில் வளை தோண்டி உள்ளே போய்விட்டது.

அன்று முதல்தான், கரையில் காலடிச் சத்தம் கேட்டால், கரியன்தானோ என்று நண்டு கண்ணை நீட்டி வெளியே பார்க்கிறது. அவனாகவே இருந்துவிட்டால் என்ன சொல்வது என்று பயந்து உடனே வளைக்குள் ஓடிவிடுகிறது.