டாக்டர் கேட்ட மூன்று கேள்விகள்

அந்த உப்பளத்து ஊரில் ஹோமியோபதி டாக்டர் குற்றாலிங்கம் சுதந்திரக் கூட்டம் போட்டால் சந்தையே காலியாகிவிடும். வெள்ளைக்கார சர்க்காருக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் இன்ஸ்பெக்டர் துரைசிங்கம் சந்தை நடுவில் நின்று உத்தரவை உரக்க வாசித்தார்.

"சர்க்காரைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசினாலும் ஜெயில்தான். வைத்தியத்தை மட்டும் பாரும்!"

"ஆகட்டும்" என்றார் டாக்டர். அங்கேயே ஒரு பெஞ்சில் மருந்துப்பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். உப்பு வாரும் இசக்கியம்மாள் முதல் ஆளாக வந்தாள். சந்தை மொத்தமும் சூழ்ந்துகொண்டது. ஹோமியோபதியில் எல்லாவற்றையும் விசாரிக்காமல் மருந்து கிடையாதே!

"சாப்பாடு எப்படி இறங்குது, தாயி?"

"உப்பில்லாக் கஞ்சி எப்படிய்யா இறங்கும்? நாள் முழுக்க உப்பு வாருதேன். ஒரு பிடி வீட்டுக்கு எடுத்தா லத்தியால அடிக்காக."

"தூக்கம்?"

"உப்பு எடுத்தாருன்னு எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சு உள்ள வச்சிருக்காக. எங்கிட்டுத் தூங்க?"

"எதைக் கண்டா நெஞ்சு படபடக்குது?"

அவள் இன்ஸ்பெக்டரின் தொப்பியைக் காட்டினாள். சந்தை கொல்லென்று சிரித்தது.

"நிறுத்தும்! இது வைத்தியமா, கூட்டமா?" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"நான் கேள்விதானே கேட்டேன்?"

"வைத்தியம்தான் என்றால், இவளுக்கு என்ன வியாதி? சொல்லும் பார்ப்போம்!"

டாக்டர் அவள் உள்ளங்கையில் நாலு சர்க்கரை உருண்டைகளைக் கொட்டிவிட்டு, சாவகாசமாகப் பெட்டியை மூடினார்.

"அதைச் சொல்லக்கூடாது என்றுதானே உமது உத்தரவு? எல்லாவற்றையும் கூடவே நின்று கேட்டீர். நீரே சொல்லிவிடும்."

சந்தை முழுவதும் இன்ஸ்பெக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.